ஐந்தாம் மேசையில் என் தம்பியின் குரல்

மண்டபத்துக்குள் கால் வைத்ததுமே மூக்கைப் பொத்தினேன். சென்ட் மணமும் மீன் ரோல்ஸ் மணமும் கலந்த ஒரு வாடை. நவம்பர் மாதம் என்று ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டிருந்தார்கள். வாசலில் குவிந்து கிடந்த ஈரக் கோட்டுகள் அந்தச் சூட்டில் அவிந்துகொண்டிருந்தன. பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபம் அது. எங்கள் சனத்தின் பிறந்தநாள், பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு, செத்தவர்களின் அந்தியேட்டிச் சாப்பாடு எல்லாம் அங்கேதான் நடக்கும். இன்றைக்கு நடப்பது வரலாறாம்.

மேடைக்கு மேலே பதாகை கட்டியிருந்தார்கள். இந்த மாகாணத்துச் சட்டப்படி பிரெஞ்சு பெரிதாக, அதன் கீழே தமிழும் ஆங்கிலமும் எறும்பு எழுத்தில். "ஓலை முதல் வட்ஸ்அப் வரை: ஒரு தேசம் பேசிய கதை." ஒரு இனம் தனக்குள் எப்படிச் செய்தி பரிமாறிக்கொண்டது, அதனால் எப்படி ஒரு தேசமாக நின்றது என்பதைக் காட்டும் கண்காட்சி என்று துண்டுப்பிரசுரத்தில் போட்டிருந்தது. நல்ல விசயம்தான். நான் மறுக்கவில்லை. ஆனால் செய்தவர்களின் இலட்சணத்தைப் பாருங்கள். முதலாம் மேசையில் ஓலைச்சுவடி என்று வைத்திருந்தது பிளாஸ்டிக். இரண்டாம் மேசையில் மட்டையில் செய்த தபால்பெட்டி, சிவப்புப் பெயின்ட் இன்னும் காயவில்லை. மூன்றாம் மேசையில் சைக்கிள். மின்சாரம் இல்லாத காலத்தில் நாங்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றிச் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்டவர்கள். அங்கே நிறுத்தியிருந்தது இருபத்தொரு கியர் உள்ள மலைச் சைக்கிள். டைனமோவே இல்லை. கேட்டால், பார்க்க வடிவாக இருக்கிறதாம்.

நான்காம் மேசையில் நீல வான்கடிதங்கள். ஐந்தாம் மேசையில் என் தம்பி.

தம்பி என்றால் அவன் குரல். றஜிந்தன். வீட்டில் றஜி. தொண்ணூற்றாறாம் ஆண்டு, அவனுக்குப் பத்தொன்பது வயதாக இருக்கும்போது கிளிநொச்சியிலிருந்து எனக்குப் பேசி அனுப்பிய கசெற். அந்த நாளில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வன்னிக்குப் போன சனத்திடம் போன் ஏது? கடிதம் எழுதினால் நாலு கை திறந்து பார்க்கும். அதனால் கசெற்றில் பேசி, கொழும்புக்குப் போகிற ஆரிடமாவது கொடுத்துவிடுவார்கள். முதல் ஐந்து நிமிடம் பக்திப்பாட்டு இருக்கும். சோதனைச் சாவடியில் போட்டுப் பார்க்கிறவன் பாட்டைக் கேட்டுவிட்டுத் திருப்பித் தந்துவிடுவான். பாட்டு பாதியில் அறுந்து, அதற்குப் பிறகுதான் எங்கள் ஆளின் குரல் வரும்.

இப்போது அந்தக் கசெற் கண்ணாடி போன்ற ஒரு மூடிக்குள் கிடந்தது. பக்கத்தில் பழைய ரேப் ரெக்கோடர் ஒன்று. முன்னால் ஒரு பொத்தான், ஒரு திரை. பொத்தானை அமர்த்தினால் கணினியில் ஏற்றிய குரல் வரும், திரையில் பிரெஞ்சில் எழுத்து ஓடும். அந்தப் பிரெஞ்சை எழுதியவள் என் மகள் துஷாந்தினி. நூலகத்தில் வேலை செய்கிறாள், முப்பத்திரண்டு வயது, மாமாவை நேரில் காணாமலே மாமாவில் உயிர். நான் வந்ததைக் கண்டு ஓடிவந்து, என்னை அந்த மேசைக்கு முன் நிறுத்தி, தானே பொத்தானை அமர்த்தினாள்.

முதலில் வயலின். என் தம்பிக்கு ஆர் வயலின் வாசித்தது? அதற்குள்ளிருந்து அவன் குரல் வந்தது.

"அக்கா, நான் றஜி கதைக்கிறன். நான் சுகம். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. நான் இந்த மண்ணை விட்டு வரமாட்டன்."

திரும்பவும் வயலின். திரையில் ஒரு பனைமரம், அதன் பின்னால் சூரியன். "மண்ணின் குரல், 1996" என்று எழுத்து வந்து மறைந்தது. முடிந்தது.

மிச்சம் எங்கே என்று துஷாந்தினியிடம் கேட்டேன். அவள் விளங்காமல் பார்த்தாள். "என்ன மிச்சம் அம்மா? எனக்குத் தந்தது இவ்வளவுதான்."

சீ என்று போய்விட்டது எனக்கு. நான் ஜான்-டலோன் சந்தையில் இருபத்தாறு வருடம் மரக்கறி அடுக்கியவள். நல்ல தக்காளியை மேலே வைத்து, அழுகலைக் கீழே மறைக்கிற வித்தை எனக்குத் தெரியாததல்ல. ஆனால் இங்கே மறைத்தது அழுகலை அல்ல, நல்லதை. என் தம்பி உண்மையாகச் சொன்ன ஒரே பேச்சை.

அந்தக் கசெற்றில் அவன் நாலு நிமிடம் பேசுகிறான். "நான் இந்த மண்ணை விட்டு வரமாட்டன் எண்டு போன கடிதத்தில எழுதினனான் எல்லே" என்றுதான் அவன் தொடர்கிறான். அது மனதார எழுதியது இல்லை, கடிதத்தைப் பார்க்கிறவர்களுக்காக எழுதியது என்கிறான். தனக்குப் பயமாக இருக்கிறது என்கிறான். வன்னியை விட்டு வெளியே வர இயக்கத்தின் பாஸ் வேண்டும், பாஸுக்குப் பிணை நிற்க ஒரு ஆள் வேண்டும், பெரியப்பா நின்றால் விடுவார்கள், பெரியப்பா உங்கள் சொல்லைத்தான் கேட்பார், அவருக்கு ஒரு கடிதம் போடுங்கோ என்று கெஞ்சுகிறான். அவன் பேசியதே அதற்காகத்தான். அதை வெட்டி எறிந்துவிட்டு, அவன் பொய் என்று சொன்ன வரியை எடுத்து, அதற்கு வயலின் போட்டிருக்கிறார்கள்.

வெட்டியவர் அருமைநாதன். இந்தச் சங்கத்தின் தலைவர், ஐம்பத்திரண்டு வயது, எந்த மேடையிலும் பொன்னாடை வாங்கத் தோளைத் தயாராகச் சாய்த்து வைத்திருக்கிற மனுசன். ஓகஸ்டில் மூன்று தரம் என் வீட்டுப் படி ஏறினார். முதல் தரம் மாம்பழம், இரண்டாம் தரம் கேக், மூன்றாம் தரம் கண்ணீர். "வரலாறு அக்கா, வரலாறு, நாங்கள் பதிஞ்சு வைக்காட்டி ஆர் வைக்கிறது" என்று என் சோபாவில் இருந்து மூக்கைச் சிந்தினார். முழுதாகப் போட்டால் தருகிறேன், இல்லையென்றால் இல்லை என்றேன். "முழுசாத்தான் அக்கா" என்றார். எழுதி வாங்கியிருக்க வேண்டும். எங்கள் ஆட்களுக்குள் எழுதி வாங்குகிற வழக்கம் எங்கே இருக்கிறது? அக்கா என்று கூப்பிட்டால் போதும், அள்ளிக் கொடுத்துவிடுவோம்.

உண்மையைச் சொன்னால், மாம்பழத்துக்கும் மூக்குச் சிந்தலுக்கும் நான் மசியவில்லை. எனக்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் கசெற்றின் மிச்சத்தை நான் துஷாந்தினிக்குச் சொன்னதே இல்லை. என் மனுசன் அறிவார், அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். என் வாயால் சொல்ல முடியாததை அந்தப் பெட்டி சொல்லட்டும், பிள்ளை தானே கேட்டு அறியட்டும் என்று நினைத்தேன். வலு கெட்டித்தனமான யோசனை!

அருமைநாதன் வாசலில் நின்று மாநகரசபையிலிருந்து வந்த இரண்டு பேருக்கு "போன்ஜூர், போன்ஜூர்" என்று கை கொடுத்துக்கொண்டிருந்தார். போய் முழங்கையில் பிடித்து, கோட்டுக் குவியலுக்குப் பின்னால் இழுத்தேன். மிச்சத்தை ஏன் வெட்டினீர் என்று கேட்டேன்.

அவர் பதறவில்லை. அதுதான் எனக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. பல்லைக் காட்டிக்கொண்டு, மெல்லிய குரலில், பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லத் தொடங்கினார். வெள்ளைக்காரர் வருகிறார்கள், பள்ளிக்கூடங்களுக்கு இந்தக் கண்காட்சியைக் கொண்டுபோகப் போகிறோம், பயந்து அழுகிற குரலைப் போட்டால் எங்களைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்றார். ஒரு தேசம் என்றால் சொல்ல வேண்டியதும் இருக்கும், சொல்லக்கூடாததும் இருக்கும் என்றார். அவர் வாயில் ரோல்ஸின் எண்ணெய் மினுங்கியது. அந்த வாயால் என் தம்பியின் பயத்தைச் சொல்லக்கூடாதது என்று சொல்கிறார். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

இப்போதே மேடையில் ஏறி இது பொய் என்று சொல்லுவேன் என்றேன். அப்போதுதான் அந்தச் சிரிப்பு போனது.

"சொல்லுங்கோ. ஆனா அக்கா, நாங்கள் புதுசா ஒண்டும் வெட்டேல்லை. நீங்கள் அண்டைக்கு எந்த இடத்தில நிப்பாட்டினனீங்களோ, அந்த இடத்திலதான் நாங்களும் நிப்பாட்டினது. கசெற் சிக்கிப்போச்சு எண்டு சொன்னனீங்கள். சிக்கேல்லை. நான் பக்கத்திலதானே இருந்தனான்."

அவ்வளவையும் சொல்லிவிட்டு, "பேந்து விளக்கேத்தக் கூப்பிடுவம், வாங்கோ" என்று மாநகரசபை ஆட்களிடம் போய்விட்டார். நான் அந்த ஈரக் கோட்டுகளுக்கு நடுவில் நின்றேன்.

அவர் சொன்னது உண்மை.

தொண்ணூற்றாறாம் ஆண்டு மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம். இங்கே கெர்ப் வீதியில் எங்கள் இரண்டறை வீடு. அந்த நாளில் ஊரிலிருந்து ஒருவருக்குக் கசெற் வந்தால் அது அவருக்கு மட்டும் வந்தது அல்ல. இன்ன வீட்டுக்குக் கசெற் வந்திருக்கிறது என்று போனில் போன் போய்விடும். பேசுகிறவன் தன் பக்கத்துக் கொட்டிலில் இருப்பவரைப் பற்றியும் ஒரு சொல் சொல்லுவான், அந்த ஒரு சொல்லுக்காக லாசாலிலிருந்தும் நோத்ர-டாம்-த-கிரேஸிலிருந்தும் மெட்ரோ ஏறி வருவார்கள். ஒரு குரலை முதலில் தனியாகக் கேட்டுப் பார்ப்போம் என்று நினைப்பதே பெரிய கெட்ட குணமாக இருந்த காலம். என் வீட்டில் அன்றைக்குப் பதினேழு பேர். நான் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினேன், துஷாந்தினியை அறைக்குள் நித்திரையாக்கினேன், பிறகு பிளே பொத்தானை அமர்த்தினேன். இருபத்துநாலு வயது அருமைநாதன் ரெக்கோடருக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார்.

பக்திப்பாட்டு முடிந்து றஜியின் குரல் வந்தது. மண்ணை விட்டு வரமாட்டன் என்றதும் அறையில் இருந்த ஆம்பிளைகள் "ஆ!" என்றார்கள். ஒரு கிழவர் கண்ணைத் துடைத்தார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது, ஏன் மறைப்பான். அடுத்த சொல்லிலேயே அவன் குரல் மாறியது. அந்த மாற்றம் எனக்குத் தெரியும், சின்னனில் அடி வாங்கப் போகும்போது வருகிற குரல் அது. "எண்டு" என்ற சொல் வந்ததோ இல்லையோ, என் விரல் போய் நிறுத்தும் பொத்தானை அமர்த்திவிட்டது. கசெற் சிக்கிவிட்டது என்றேன். எல்லோரும் நம்பினார்கள். நம்பி, எழும்பிப் போகும்போது, அவனைப் போல ஒரு தம்பி கிடைக்கக் கொடுத்து வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மிச்சத்தை அடுத்த நாள் காலையில் தனியாகக் கேட்டேன்.

பயம் என்று சொல்லித் தப்பலாம். ஒரு சொல் வெளியே போனால் அங்கே அவனுக்கு என்ன ஆகுமோ என்ற பயம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது முழு உண்மை இல்லை. அந்தக் கிழமை கோயிலில், கடையில், கார்டரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளையைக் கூட்டப் போன இடத்தில் எல்லாம் என்னை றஜியின் அக்கா என்று சனம் மரியாதை செய்தது. அகதி வழக்கு முடியாமல், சொல்லத் தெரியாத மொழியில் தக்காளி விற்றுக்கொண்டிருந்த எனக்கு அது ஒரு பெரிய இனிப்பு. பெரியப்பாவுக்கு நாளைக்கு எழுதுவோம், நாளன்றைக்கு எழுதுவோம் என்று தள்ளினேன். அந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போகிற ஒருவர் றஜிக்குக் கடிதம் கேட்டார். அவனுக்கு மட்டும் எழுதிக் கொடுத்தேன். பெரியப்பாவுக்கு எழுதியது பதினொரு கிழமை கழித்து. அது போய்ச் சேர முதல், வவுனியாவில் இருந்து ஒரு கடைக்காரர் போன் எடுத்தார். றஜி தண்ணீர் அள்ளப் போன இடத்தில் ஷெல்.

இருபத்தெட்டு வருடமாக இந்தச் சீழை வயிற்றில் வைத்துக்கொண்டு நான் மற்றவனின் வாயில் எண்ணெய் மினுங்குகிறது என்று குமட்டுகிறேன்.

மேடையில் என் பெயர் கூப்பிட்டார்கள். மண்ணின் குரலின் சகோதரி திருமதி புஷ்பராணி மங்கல விளக்கேற்றுவார் என்று பிரெஞ்சிலும் தமிழிலும் அறிவித்தவள் என் மகள்தான். நூறு பேர் இருப்பார்கள். நான் நடந்தேன். குத்துவிளக்கைத் தாண்டி நடந்தேன். ஐந்தாம் மேசைக்குப் போய், அந்தப் பிளாஸ்டிக் மூடியைத் தூக்கினேன், கசெற்றை எடுத்தேன். ரெக்கோடர் வேலை செய்யும் என்று எனக்குத் தெரியும். யாரோ ஒரு இத்தாலியக் கிழவரிடம் தான் வாங்கியது இன்னும் பாடும் என்று அருமைநாதன் ஓகஸ்டில் என் சோபாவில் இருந்து பீற்றியிருக்கிறார்.

கசெற்றைப் போட்டு, பின்னுக்கு ஓடவிட்டு, இரண்டு தரம் நிறுத்திப் பார்த்தேன். இடம் கிடைத்தது. துஷாந்தினி மைக்கோடு ஓடிவந்தாள், எனக்கு ஏதோ தலை சுற்றிவிட்டது என்று நினைத்திருப்பாள். அந்த மைக்கை ரெக்கோடரின் வாயில் பிடிக்கச் சொன்னேன். பிடித்தாள்.

"நான் இந்த மண்ணை விட்டு வரமாட்டன் எண்டு போன கடிதத்தில எழுதினனான் எல்லே, அது பொய் அக்கா."

அருமைநாதன் சுவரில் இருந்த பிளக்கை நோக்கிப் போனார். துஷாந்தினி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வை எங்கள் அம்மாவுடையது, எங்கிருந்து வந்ததோ தெரியாது. மனுசன் நின்றுவிட்டார்.

"எனக்கு இஞ்ச இருக்கேலாது. ராத்திரியில பல்லு அடிக்குது, வாய்க்குள்ள துணியை வைச்சுக்கொண்டு படுக்கிறன். பெரியப்பா பிணை நிண்டாப் பாஸ் தருவினம். அவருக்கு ஒரு கடிதம் போடுங்கோ அக்கா. எனக்கும் ஒரு பதில் போடுங்கோ. எழுதிட்டன் எண்டு மட்டும் போட்டாலும் காணும். கெதியாப் போடுங்கோ."

பிறகு கொஞ்சம் மூச்சு. பிறகு, அவன் அழிக்காமல் விட்ட பக்திப்பாட்டின் கடைசி அடி, மேளத்தோடு.

சொல் விளங்காத மாநகரசபை ஆள் ஒருவர், பாட்டு முடிந்ததும் நிகழ்ச்சி முடிந்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும், மெல்லக் கை தட்டினார். ஒருவர் தட்டினால் போதாதா. எங்கள் சனம், விளங்கிய சனம், முன்வரிசை தொடக்கம் பின்வரிசை மட்டும், தட்டியது. என்ன செய்வதென்று தெரியாவிட்டால் கை தட்டுவது எங்களுக்குப் பழக்கம். அந்த ஒலி எனக்கு வாந்தி எடுக்கிற ஒலி மாதிரிக் கேட்டது.

மைக்கை என் பக்கம் திருப்பினேன்.

"கை தட்டாதேங்கோ. அவன் பதில் கேட்டவன்," என்றேன். இருபத்தெட்டு வருடமாகத் தயாராக இருந்த பேச்சு அது. துஷாந்தினி பழக்கத்தில் அதைப் பிரெஞ்சில் சொன்னாள். இந்தக் கசெற்றை முதலில் வெட்டியது இந்தச் சங்கம் இல்லை, நான், என் வீட்டில், பதினேழு பேருக்கு முன்னால் என்றேன். அதையும் சொன்னாள், கொஞ்சம் மெதுவாக. அந்தப் பதினேழு பேரில் மூன்று பேர் அங்கே இருந்தார்கள், தலையைக் குனிந்தார்கள். பெரியப்பாவுக்கு நான் நேரத்துக்கு எழுதவில்லை என்றேன். அதையும் சொன்னாள்.

"அவனுக்கு மட்டும் ஒரு பதில் போட்டனான். அது அவன்ர கையில கிடைச்சது. பேந்து அவன் என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை. நான் எழுதினது இதுதான். அன்புத் தம்பிக்கு, உன்ர கசெற் கிடைச்சது, இஞ்ச எல்லாரும் உன்னைப் பற்றிப் பெருமையாக் கதைக்கினம்."

துஷாந்தினி உடனே மொழிபெயர்க்கவில்லை. மைக்கைக் கீழே இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அவ்வளவுதானா அம்மா எழுதினனீங்கள்?"

"ஓம். அவ்வளவுதான்."

அவள் மைக்கைத் தூக்கினாள். என் முகத்தை விட்டுக் கண் எடுக்காமல், அதையும் பிரெஞ்சில் சொன்னாள். ஒரு சொல்லும் விடவில்லை.